எண்ணி ஏமாறாதீர்கள்!



"மலருக்கு ஏதாவது எழுதித் தாடா" என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நம் மலரில் கவிதைக்கா பஞ்சம்? காதல் கவிதை மட்டுமே எப்படியும் பதினைந்து வந்திருக்கும். அதனால் நான் ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன். தப்பாகப் போட்ட கணக்கு. அதனால் ஒரு மனிதருக்கு நான்கு நாள் சம்பளம் போனது. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

சிவப்பு வட்டம்

ஐந்தாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே எனக்குக் கொடுத்த வேலை, இண்டர்நெட் லைனில் எவ்வளவு டேட்டா போகிறது, வருகிறது என்று காட்டும் வரைபடங்களைப் பார்த்து வாராந்திர அறிக்கை தயாரிப்பது. எவரோ ஒருவர் எப்போதோ எழுதிவிட்டுப் போன சின்ன மென்பொருள் அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்விட்சிடம் போய் "எத்தனை பைட் ஆச்சு?" என்று கேட்டு, கோடு வரையும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை 2.15 மணிக்கு அந்த வரைபடத்தில் கோடு பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. ஐந்தே நிமிடத்தில் சுமார் 330 கோடி பைட்! அதாவது ஒரு முழு சினிமாப் படத்தின் அளவு. நானும் ஏதோ பெரிய துப்பறிவாளன் என்ற நினைப்பில், அந்த இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். அன்றிரவு அந்த அறையில் இருந்தது ஒரே ஒருவர்தான். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நைட் டியூட்டி அண்ணன்.

"ராத்திரியிலே உட்கார்ந்து படம் டவுன்லோடு பண்றியா?" என்று மேலாளர் கேட்டார்.

"இல்லீங்க சார். எனக்கு அந்த மெஷினோட பாஸ்வேர்டே தெரியாதுங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாய்யா?"

அந்தக் கேள்விக்கு அண்ணனிடம் பதில் இல்லை. அன்று என்னிடமும் இல்லை. வியாழக்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணன் என்னைப் பார்த்து, "வரேன் தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மீட்டர் கதை

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் நம் வீட்டு வாசலில் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்துச் சக்கர மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்க மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9999 வரை போகும். அதற்குப் பிறகு 0000.

போன முறை 9990. இந்த முறை 0140. கணக்கெடுக்க வந்தவர் மைனஸ் 9850 யூனிட் என்றா எழுதுவார்? மீட்டர் ஒரு சுற்று முடித்துவிட்டது என்று தெரிந்து 10,000-ஐக் கூட்டி, 150 யூனிட் என்று எழுதுவார். சரியான கணக்கு.

இப்போது வேறொரு வீடு. போன முறை 4000. நடுவில் மீட்டர் பழுதாகிப் புது மீட்டர் மாட்டிவிட்டார்கள். ஆனால் அதை யாரும் குறித்து வைக்கவில்லை. இந்த முறை 0140. கணக்கெடுப்பவர் பழைய பழக்கத்தில் 10,000-ஐக் கூட்டினால்? 6140 யூனிட்! ஒரே ஒரு குண்டு பல்பு எரியும் குடிசைக்கு ஆலைக்கு வருகிற பில்!

மூன்றாவது வீடு. அந்தத் தெருவுக்குக் கணக்கெடுப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். அதற்குள் மீட்டர் இரண்டு, மூன்று சுற்று சுற்றிவிட்டது. அவருக்கு அது எப்படித் தெரியும்? கடைசியில் மிஞ்சி நிற்கிற எண்ணை மட்டும் பார்த்து, "பாவம், சிக்கனமான குடும்பம்" என்று எழுதிவிட்டுப் போவார்.

நண்பர்களே, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் கவுன்ட்டர் நிரம்பி வழிவதால் வரும் தொல்லை முழுவதும் இந்த மூன்று வீட்டுக்குள் அடங்கிவிடும்.

நாம் படித்ததுதான்!

ஸ்விட்ச், ரௌட்டர் போன்ற கருவிகளிடம் விவரம் கேட்க எஸ்.என்.எம்.பி. என்றொரு நெறிமுறை இருப்பது நெட்வொர்க்ஸ் பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும். 1991-ல் வந்த அதன் தகவல் பட்டியலில், ஒரு போர்ட்டுக்குள் வந்த பைட்டுகளை எண்ணும் கவுன்ட்டருக்குப் பெயர் ஐஎஃப்-இன்-ஆக்டெட்ஸ். அது 32 பிட் கவுன்ட்டர். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 வரை எண்ணும். அடுத்த பைட் வந்தால் மறுபடி பூஜ்யம்.

இது நமக்குப் புதிதா என்ன? 8085 கிட்டில் நாம் செய்து பார்த்ததுதானே! அக்யுமுலேட்டரில் எஃப்எஃப் இருக்கும்போது ஏடிஐ ஆணையால் 1 கூட்டினால் 00 வரும், கேரி ஃபிளாகும் எழும். அதையே ஐஎன்ஆர் ஆணையால் கூட்டினால் 00 வரும், ஆனால் கேரி ஃபிளாக் அசையாது. வைவாவில் இந்தக் கேள்விக்கு முழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஸ்விட்சின் கவுன்ட்டரும் இந்த ஐஎன்ஆர் மாதிரிதான். சுற்றி முடித்தேன் என்று யாருக்கும் கொடி காட்டாது. கேட்கிறவன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? லைன் முழுக்க நிரம்பி ஓடினால் 10 மெகாபிட் லைனில் 57 நிமிடம். 100 மெகாபிட்டில் 5.7 நிமிடம். ஒரு கிகாபிட்டில் வெறும் 34 விநாடி! நம்ப முடியாவிட்டால் கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கை 8-ஆல் பெருக்கி, லைனின் வேகத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்த வகை மென்பொருள்களில் உலகமெங்கும் பெயர் பெற்றது எம்.ஆர்.டி.ஜி. டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் 1994-ல் இங்கிலாந்தில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தபோது எழுதத் தொடங்கியது. அப்போது அங்கே வெளியுலகுக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன்! அந்த வேகத்தில் 32 பிட் கவுன்ட்டர் ஒரு சுற்று வர ஆறு நாளுக்கு மேல் ஆகும். ஐந்து நிமிட இடைவெளி அதற்குத் தாராளம். பிறகு லைன்கள் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு பெருத்தன. பல இடங்களில் ஐந்து நிமிடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைக்குத் தைத்த சட்டையைக் கல்யாண மாப்பிள்ளைக்கு மாட்டிய கதை!

கண்டுபிடித்தது

அண்ணன் போன பிறகு எனக்கு மனசே சரியில்லை. சனிக்கிழமை இரவு அந்த வரைபடத்தை மறுபடி பார்த்தபோது ஒன்று உறைத்தது. கோட்டின் உச்சி 88 மெகாபிட். ஆனால் ஆலை வாங்கியிருந்த இண்டர்நெட் லைன் 16 மெகாபிட்தான்! அரைப்படி செம்புக்குள் மூன்று படிப் பால் எப்படி இறங்கும்?

திங்கட்கிழமை காலை 11.10-க்கு ஸ்விட்சிடம், "நீ எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். அதற்கும் எஸ்.என்.எம்.பி.யில் ஒரு கவுன்ட்டர் உண்டு. ஆறு நாள், ஒன்பது மணி நேரம் என்றது. பின்னோக்கி எண்ணினேன். செவ்வாய் அதிகாலை 2.10! ஓடிப்போய் ஷிப்ட் எலக்ட்ரீஷியனின் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். "2.08 - கரண்ட் கட். 2.09 - ஜெனரேட்டர் ஆன்." சர்வருக்கு யு.பி.எஸ். இருந்தது. ஸ்விட்சுக்கு இல்லை. ஸ்விட்ச் அணைந்து, மறுபடி எழுந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

மீதி எல்லாம் இரண்டாம் வீட்டுக் கதை. பழைய எண் சுமார் 100 கோடி. புதிய எண் சுமார் 20 லட்சம். புதியது குறைவாக இருக்கிறதே, சுற்றி வந்துவிட்டது போலிருக்கிறது என்று மென்பொருள் 429 கோடியைக் கூட்டியது. வந்தது கிட்டத்தட்ட 330 கோடி. அதை 8-ஆல் பெருக்கி 300 விநாடியால் வகுத்தால் 88 மெகாபிட்! போர்ட்டின் வேகமான 100-ஐத் தாண்டினால் மட்டும் நிராகரிக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். 88 தாண்டவில்லை. உள்ளே விட்டுவிட்டது. லைனின் வேகமான 16-ஐ எல்லையாக வைத்திருந்தால் அங்கேயே மாட்டியிருக்கும்.

படமும் இல்லை, டவுன்லோடும் இல்லை. கரண்ட் போய் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

காலியாய்த் தெரிந்த லைன்

பிடித்த பிடியில் மற்ற வரைபடங்களையும் பார்த்தேன். இங்கே மூன்றாம் வீடு காத்திருந்தது.

அலுவலகத்துக்கும் சர்வர் அறைக்கும் நடுவில் ஒரு கிகாபிட் இணைப்பு. தினமும் மதியம் கேமராப் பதிவுகள் அந்த வழியாகத்தான் நகலாகும். அந்த நேரத்தில் பில் போடும் அக்கா, "ஸ்கிரீன் அப்படியே நிக்குது சார்" என்று மாதக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வரைபடத்தைக் காட்டி, "லைன் காலியாத்தாம்மா இருக்கு, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலை" என்று அனுப்பிவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். சராசரி 920 மெகாபிட் ஐந்து நிமிடம் ஓடினால் 3450 கோடி பைட். கவுன்ட்டர் அதற்குள் எட்டு முழுச் சுற்று சுற்றிவிடும். மிஞ்சுவது 14 கோடி. வரைபடம் காட்டுவது 3.7 மெகாபிட்! லைன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தூங்குவதாகக் காட்டுகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் எண் வேறு மாதிரி மிஞ்சலாம். ஆனால் எவ்வளவு ஓடினாலும் 114.5 மெகாபிட்டைத் தாண்டவே தாண்டாது. ஐந்து நிமிடத்தில் 32 பிட்டுக்குள் அடங்கும் உச்சம் அதுதான். கிகாபிட் லைனின் வரைபடம் மாதக்கணக்கில் 114-க்குக் கீழேயே துள்ளிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள் நண்பர்களே!

ஒரே நோய்தான். ஓரிடத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒருவரைத் திருடனாக்கியது. இன்னோரிடத்தில் இருப்பதை இல்லை என்று காட்டி ஒருவரைத் திறமையில்லாதவர் ஆக்கியது.

மருந்து

மருந்து கடினமே இல்லை. எங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் சார் பக்கத்தில் உட்கார, இரண்டு நாளில் சரிசெய்தோம்.

ஒன்று: 64 பிட் கவுன்ட்டர். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்போடு 1993-ல் இந்த வகை வந்துவிட்டது. போர்ட்டுகளுக்கான ஐஎஃப்-ஹெச்சி-இன்-ஆக்டெட்ஸ் 1994-லேயே தரத்தில் இடம்பெற்றது. 20 மெகாபிட்டுக்கு மேற்பட்ட போர்ட்டுகளுக்கு 64 பிட் பைட் கவுன்ட்டர் கட்டாயம் என்பது விதி. எங்கள் கிகாபிட் ஸ்விட்சில் அது இத்தனை நாளும் சும்மா எண்ணிக்கொண்டுதான் இருந்தது. நம் மென்பொருள் முதல் பதிப்பில் கேட்டதால் பதில் கிடைக்கவில்லை. முதல் பதிப்பால் 64 பிட் எண்ணைச் சுமக்க முடியாது. பதிப்பையும் கவுன்ட்டரின் பெயரையும் மாற்றினோம். அவ்வளவே! 64 பிட் நிரம்ப, விநாடிக்கு ஒரு லட்சம் கோடி பிட் ஓடும் லைனிலேயே நான்கரை வருடத்துக்கு மேல் ஆகும்.

இரண்டு: பைட் எண்ணிக்கை கேட்கும்போதே "எவ்வளவு நேரமாக ஓடுகிறாய்?" என்றும் சேர்த்துக் கேட்பது. போன முறையைவிடக் குறைந்திருந்தால் கருவி இறங்கி ஏறியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குக் கணக்கே போடாதே. கோட்டில் இடைவெளி விடு. (இந்த நேரக் கவுன்ட்டரும் 32 பிட்தான், 497 நாளில் சுற்றிவிடும். அன்று ஓர் ஐந்து நிமிடம் வீணாகப் போகும். போகட்டும்.)

மூன்று: எல்லை வைக்கும்போது போர்ட்டின் வேகத்தை வைக்காமல், லைனின் உண்மையான வேகத்தை வைப்பது.

எல்லா இடத்துக்கும் 64 பிட் வேண்டும் என்றும் இல்லை. 16 மெகாபிட் லைனில் 32 பிட் சுற்றி வர 35 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். 100 மெகாபிட்டில்தான் கயிற்றின் மேல் நடப்பது. எஸ்.என்.எம்.பி. பெரும்பாலும் யு.டி.பி. வழியாகப் போவதால் ஒரு கேள்வி வழியில் தொலைந்து போகலாம். தொலைந்தால் இடைவெளி பத்து நிமிடம். 5.7 நிமிடத்தில் சுற்றும் கவுன்ட்டர் நம்மை ஏமாற்றிவிடும்.

என் கருத்து

"64 பிட் போட்டாச்சு, பிரச்சினை தீர்ந்தது, இதுக்கு ஏண்டா ஒரு கட்டுரை?" என்று என் அறைத் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் தீரவில்லை என்பதுதான் என் கருத்து. 64 பிட் போட்டாலும் கரண்ட் போனால் கவுன்ட்டர் பூஜ்யமாகத்தான் ஆகும். 1996 ஜூன் 4-ல் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியது நமக்குத் தெரியும். அங்கேயும் 64 பிட் எண் இருந்தது. அதை 16 பிட் இடத்துக்குள் திணித்ததுதான் வினை. போயிங் 787 விமானத்தின் மின் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நின்றுவிடக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2015-ல் எச்சரித்ததும் கவுன்ட்டர் நிரம்புகிற கதைதான். பிட் கூடக்கூட ஆபத்து தள்ளிப்போகும், அவ்வளவுதான். யோசிக்கிற வேலை நம்மிடமேதான் இருக்கும்.

நான் சொல்ல வருவது இரண்டு.

முதலாவது, ஒரு கருவிக்குத் "தெரியாது" என்று சொல்லும் உரிமையைக் கொடுங்கள். அந்த ஆலையின் மென்பொருளை எழுதியவர் கெட்டவர் அல்ல. வரைபடத்தில் ஓட்டை விழக்கூடாது, மேலாளர் கேட்பார் என்று பயந்திருப்பார். அதனால் தெரியாத இடத்தில் ஓர் எண்ணை ஊகித்து நிரப்பினார். நாமும் அப்படித்தானே? லேபில் ரீடிங் வராவிட்டால் முன்பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்து வளைகோடு வரைகிறோமா இல்லையா? எம்.ஆர்.டி.ஜி.யை எழுதிய அதே ஓட்டிக்கர் 1999-ல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி. டூலில் "தெரியாது" என்பதே ஒரு மதிப்பு. அதை எண்ணோடு எண்ணாகச் சேமித்துவைக்கலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இரண்டாவது, வரைபடத்தைக் காட்டி ஒரு மனிதரைக் குற்றம் சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கவுன்ட்டர் எவ்வளவு பெரியது? எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்கிறோம்? நடுவில் அது பூஜ்யமானதா? இந்த மூன்றையும் கேட்க டிகிரி வேண்டியதில்லை. டிப்ளமோ போதும். இன்னும் சொன்னால், கேட்க வேண்டியவர்களே நாம்தான். வரைபடத்துக்கும் ஒயருக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். மேலாளர் வரைபடத்தை மட்டும் பார்ப்பார். நைட் டியூட்டி அண்ணன் ஒயரை மட்டும் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

நம் துறை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நெட்வொர்க்ஸ் லேபில் கேபிள் கிரிம்ப் செய்வதோடு நிறுத்தாமல், ஒரு ஸ்விட்சை வேண்டுமென்றே அணைத்துப் போட்டு வரைபடம் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஒரு பயிற்சியைச் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் போதும்.

அண்ணன் செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினார். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "ஏதோ மெஷின் கோளாறுப்பா" என்றார். வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என்று நான்கு நாள் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். பயிற்சி முடிந்து நான் கிளம்பும் வரை பார்த்ததாகத் தெரியவில்லை. அண்ணனிடம் போய், "அந்தச் சிவப்பு வட்டம் போட்டது நான்தாண்ணா" என்று சொன்னேன். "தெரியும் தம்பி, அழிச்சதும் நீதானே" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு முன் படியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்ப்போம் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை